கரடிக்கு ஒட்டிய ஆட்டு முடி

கரடிக்கு முடி கொட்டுகிறது என்று ஒரு நாள் உங்களுக்கும் கடிதம் வரும். சிரிக்காதீர்கள். மேலே நான்கு கையெழுத்து, கீழே இரண்டு நகல், நடுவில் 'மேற்படி கரடி' என்று மிக மரியாதையாக எழுதியிருப்பார்கள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவதுதான் நம் உத்தியோகம்.

நம் தொழிலுக்குத் தமிழில் 'பாடம் செய்வது' என்று பெயர். கேட்பவர்கள் நம்மை வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமனாரே அப்படி நினைத்துத்தான் பெண் கொடுத்தார். செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி நிற்கவைக்கும் வேலை என்று தெரிந்தபோது கல்யாணச் சாப்பாடு முடிந்திருந்தது. இருந்தாலும் இந்தத் தொழிலில் எனக்கு உண்மையாகவே பாடம் நடத்தியது ஒரு கரடிதான். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பசையின் அளவும் சாயத்தின் பக்குவமும் உங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கின்றன. இது அதில் இல்லாதது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் அப்போது ஒரு சின்ன விலங்குக் காட்சிக்கூடம் இருந்தது. நடத்தியவர்கள் யார் என்பது வேண்டாம், இப்போது அந்தக் கூடமும் இல்லை. உள்ளே இரண்டு மான் தலை, ஒரு மலைப்பாம்பு, பின்னங்காலில் நிற்கும் ஒரு கரடி. கரடி மிகப் பழையது. எந்தக் காலத்து ஜமீனோ எந்தக் காலத்து வேட்டையோ, காகிதம் இல்லை. அதன் இடது விலாவில் உள்ளங்கை அளவுக்கு முடி போயிருந்தது.

சென்னை அருங்காட்சியகத்தில் என்னைப் பழக்கிய மேலதிகாரி ஒருவர் இருந்தார். முடி உதிர்ந்தால் காரணம் 'பூச்சி' என்று எழுதச் சொல்வார். "பூச்சிக்கு யூனியன் கிடையாது, மனு போடாது" என்பார். நானும் போய்ப் பார்த்தேன், 'பூச்சி' என்று எழுதினேன். அந்துப்பூச்சி அரித்தால் அடியில் தூள் கிடக்கும், தோல் வண்டு இருந்தால் அது கழற்றிய சட்டை கிடக்கும். இரண்டும் இல்லை. இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினேன். மத்தியானம் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் மறு வாரம் வந்து செய்த ஒட்டுவேலையில் நான் குறை வைக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆட்டுக்கறிக் கடைக்குப் போய், கறி வேண்டாம், கறுப்பு ஆட்டின் நீள முடி மட்டும் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என் வழுக்கையை ஒரு முறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அதைக் கழுவி, சாயம் ஏற்றி, கூரைக்கு ஓலை வேய்வதுபோலக் கீழ் வரிசையிலிருந்து மேலாகக் கொத்துக் கொத்தாக ஒட்டினேன். முடிந்தபின் நானே ஒதுங்கி நின்று பார்த்தேன். எது ஆடு, எது கரடி என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்தக் கர்வம் எனக்கு ஒரு வருஷம் தாங்கியது.

வேலை நடக்கும்போது கூடவே இருந்து தண்ணீர், சீப்பு எடுத்துக் கொடுத்தவர் ஜெபமாலை. சங்கராபுரம் பக்கத்துக்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். கூடத்தைப் பெருக்குவது, பூட்டுவது, சீட்டு கிழிப்பது எல்லாம் அவர்தான். தினக்கூலி. நான் மாட்டியிருந்த கையுறையைப் பார்த்து, "இன்னாத்துக்கு சார் கைக்கி உறை?" என்று கேட்டார்.

"நம்ம கை எண்ணெய் முடியில படக்கூடாதும்மா" என்றேன்.

பாதி உண்மை. கரடியின் காதடியிலும் தையல் ஓரங்களிலும் வெள்ளையாகப் பூத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அந்தக் காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் சோப்பு பூசுவார்கள். ஆர்சனிக் என்றால் பாஷாணம். முடியின் வேர்வரைக்கும் அது நிற்கும், வருஷங்கள் போனாலும் போகாது. அது என் கைக்கு ஆகாது என்பதற்காகத்தான் உறை. அதே கரடியைத் தினமும் துடைக்கிற அந்த அம்மாவின் கைக்கு உறை உண்டா என்று நான் கேட்கவில்லை. ஒரு பலகை எழுதி மாட்டச் சொல்லவும் இல்லை. சொன்னால் விசாரணை வரும், காகிதம் வரும், கரடியை இங்கேயிருந்து எடு என்பார்கள். என் பங்குக்கு நான் பத்திரமாக இருந்துவிட்டுக் கிளம்பினேன். 'பூச்சி' என்று நான் எழுதியதால், சரியாகத் தூசி தட்டுவதில்லை என்று ஜெபமாலைக்குத் திட்டு விழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் பேசவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வருஷம் கழித்து இரண்டாவது கடிதம். மேற்படி கரடிக்கு மறுபடியும் முடி கொட்டுகிறது. இந்த முறை வனத்துறை அதிகாரி ஒருவர் போனிலும் பேசினார். "மூணு நாள்ல நான் வரேன் சார். பூச்சியா, ஆளா, ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுத்துடுங்க." பூச்சி தின்றால் குற்றமில்லை. ஆள் பிடுங்கினால் அது வனக்குற்றம். கரடியின் ஒரு முடி வெளியே போனாலும் வழக்குதான். ஆள் என்றால் யார் ஆள் என்று தேட அங்கே கூட்டமும் கிடையாது. சாவி வைத்திருப்பவர் ஒருவர்தான்.

போய்ப் பார்த்தேன். இடது விலா மொட்டை. தோள்பட்டைக்கு மேலே ஒரு முடி குறையவில்லை, கை எட்டும் உயரத்தோடு நின்றிருந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்புக் கொத்து அப்படியே பளபளவென்று இருந்தது. நான் ஒட்டிய ஆட்டு முடி.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கரடியின் சொந்த முடியே நிற்கவில்லை, என் முடி நிற்கிறதே என்று போனில் படம்கூட எடுத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் உறைத்தது. எனக்கே பிரித்துச் சொல்ல முடியாத ஆட்டையும் கரடியையும் யாரோ அவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தவரால்தான் அது முடியும்.

ஜெபமாலை கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"விக்கல சார். மாதா மேல சத்தியம். மேல ஊர்லேருந்து ஒரு பொண்ணு கைக்கொழந்தையத் தூக்கிக்கினு வந்துது. கொழந்த பயந்துகினு மூணு நாளா பாலு குடிக்கல. கரடி முடி கட்டுனா பயம் தெளியும்னு அழுவுது. நாலு முடிதான குடுத்தேன். அது போயி சொல்லி, அப்பறம் வந்துகினே இருந்தாங்க. இல்லன்னு எப்டி சார் சொல்றது, கொழந்தைய வெச்சிக்கினு நிக்கறாங்க."

"ஆட்டு முடியக் குடுத்திருக்கலாமே?"

"அது ஏமாத்து இல்லியா சார்" என்றார்.

இந்தப் பக்கத்தில் குழந்தை பயந்தால் கரடி முடியைக் கறுப்புக் கயிற்றில் முறுக்கிக் கட்டுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முன்பு கரடியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போது அவர்கள் வருவதில்லை. இருக்கிற ஒரே கரடி இதுதான்.

"எங்க கட்டுறாங்கம்மா?" என்று கேட்டேன்.

"கையிலதான் சார். சிலது கழுத்துல. பெரிய புள்ளைங்களா இருந்தா அர்ணாக்கயித்துல."

மணிக்கட்டில் கட்டினால் விரல் சூப்பும் குழந்தைக்குக் கயிறும் சேர்ந்து வாய்க்குள் போகும். உட்கார்ந்துவிட்டேன். கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, போன வருஷம் சொல்லாமல் விட்டதை அப்போது சொன்னேன். ஜெபமாலை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு, "எல்லா வூடும் எனக்குத் தெரியும் சார், வாங்க" என்று கூடத்தைப் பூட்டினார்.

நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னோம். முதலில் கயிறுகளைக் கழற்றுங்கள், ஒவ்வொரு குழந்தையையும் நான் பார்க்கிறேன் என்றார். ஒரு ஜீப் பிடித்து மேலே ஏறினோம். உண்மையைச் சொல்லி வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். படித்தவன் அல்லவா.

முதல் வீட்டில் ஒரு இளம் தாய். குழந்தையின் மணிக்கட்டில் கயிறு எச்சில் ஊறிக் கிடந்தது. "இந்த முடியில பாஷாணம் இருக்கும்மா. வாயில வெச்சா ஆபத்து, கழட்டிடுங்க" என்றேன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "பாஷாணம் இருக்கறதாலதான சார் காத்து கருப்பு கிட்ட வராம இருக்குது" என்றார். என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். போகும்போது, தங்கச்சி பிள்ளைக்கும் ஒன்று கிடைக்குமா என்று ஜெபமாலையிடம் கேட்டார்.

அடுத்த வீட்டில் ஒரு தகப்பன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆறு மாசமா கட்டிக்கினு இருக்கான் சார், நல்லாதான இருக்கான்" என்று பையனைத் தூக்கிக் காட்டினார். நல்லாத்தான் இருந்தான். அறிவியல் மனப்பான்மை பற்றி எத்தனையோ பள்ளிக்கூடங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அன்று இரண்டு வீட்டில் ஒரு கயிறு கழற்ற முடியவில்லை.

ஜீப்பில் ஏறியதும் ஜெபமாலை சொன்னார்: "நீங்க பேசாதீங்க சார். ஜாஸ்தி பேசுனா கயித்த ஜாஸ்தி நம்புவாங்க. நான் பாத்துக்கறேன். நீங்க ஆமாம்னு மட்டும் சொல்லுங்க."

மூன்றாவது வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னது இதுதான்: "அக்கா, கோச்சிக்காதீங்க. அது கரடி முடி இல்லியாம். இந்த சாருதான் ஆட்டு முடிய வெச்சி ஒட்னவரு. எனக்கே இப்பதான் தெரியும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "ஆட்டு முடியா?"

அந்தக் கயிற்றில் இருந்தது அசல் கரடி முடி. என் ஒட்டுவேலையில் ஒரு இழைகூட அங்கே இல்லை. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் போலியை அசலாகக் காட்டித்தான் பேர் வாங்கியிருக்கிறேன். அசலைப் போலி என்று சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்து, கயிற்றை அறுத்து என் காலடியில் போட்டார். "படிச்சவங்க பண்ற வேலையா சார் இது? கொழந்த விசயத்துல வெளயாடுறீங்களே" என்றார். அவ்வளவு நியாயமான திட்டை நான் அதுவரை வாங்கியதில்லை. காரணம் மட்டும்தான் தப்பு. குனிந்து பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டேன். குழந்தையின் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னால், ஆட்டு முடியைக் கட்டியதற்குக் கழுவாமல் விடுவோமா என்றார்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. எங்கள் ஜீப்பைவிட வேகமாகச் செய்தி மலை ஏறியது. அடுத்தடுத்த ஊர்களில் கயிற்றை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள், மூஞ்சியில் எறிவதற்கு. முதல் இரண்டு வீடுகளுக்குத் திரும்பிப் போனபோது அவர்களும் கழற்றியிருந்தார்கள். மோர் கொடுத்த பெண் இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. இரண்டு நாளில் டப்பா நிறைந்தது. டாக்டர் குழந்தைகளைப் பார்த்தார், பயப்படும்படி யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். ஜெபமாலையையும் பார்த்தார். தப்பித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். வரும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருக்கிறார், அதுதான் வினை. "இன்னா சார், ஊரே சொல்லுது, ஒரிஜினல் கரடிய வித்துட்டு ஆட்டத் தெச்சி நிக்க வெச்சிருக்கீங்கன்னு" என்றார். நான் கரடியின் நகத்தைக் காட்டினேன், பல்லைக் காட்டினேன், மார்பில் உள்ள வெள்ளைக் குறியைக் காட்டினேன். எந்த ஆட்டுக்கு சார் இந்த நகம் என்று கேட்டேன். அவர் நம்பினார், ஆனால் முழுசாக நம்பவில்லை. "செரி, பூச்சியா ஆளா, அத எழுதுங்க" என்றார்.

ஜெபமாலை துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் ஓரம் நின்றார். பூச்சி என்று எழுதினால் எல்லாருக்கும் சௌகரியம், பாஷாணம் மட்டும் அங்கேயே கை எட்டும் தூரத்தில் நிற்கும். ஆள் என்று எழுதினால் அந்த அம்மாவுக்கு வழக்கு. நான் மூன்றாவது ஒன்றை எழுதினேன். போன வருஷம் பூச்சி இல்லை என்று பார்த்தும் பூச்சி என்று எழுதினேன். ஆர்சனிக் இருப்பது எனக்கு அன்றே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. எச்சரிக்கைப் பலகையோ கண்ணாடிப் பெட்டியோ கேட்கவில்லை. அதனால் கை எட்டும் உயரத்தில் முடி போனது. போன முடியைத் திரும்பச் சேகரித்துக் கொடுத்தவர் இந்தக் கூடத்தின் பணியாளர். முடி இத்துடன் முத்திரையிட்டு ஒப்படைக்கப்படுகிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை. யார் பிடுங்கியது என்ற ஒரு வரி மட்டும் இல்லை, அதை அவரும் கேட்கவில்லை. என் தப்பே இரண்டு பக்கம் இருந்ததால் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அதற்கு வந்த மெமோக்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கரடிக்குக் கண்ணாடி வந்தது, ஜெபமாலைக்குக் கையுறை வந்தது, வேலையும் நிலைத்தது. தம்பிகளே, தங்கைகளே, கையுறை மாட்டும்போது பக்கத்தில் நிற்பவருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். இந்தக் கதைக்கு நான் சொல்லக்கூடிய நீதி அவ்வளவுதான். மீதியை எந்த நீதியில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தேன். ஜெபமாலை வந்தார். கூடவே அவருடைய ஐந்து வயது மகள், பள்ளிக்கூட உடுப்பில். குழந்தை கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஜெபமாலை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது சார். இவளுக்கும் கட்டியிருக்கேன். இடுப்புல."

"மூணு நாளா ஏம்மா சொல்லல?" கோபம்தான் முதலில் வந்தது.

"அவங்கப்பாவ லாரி அடிச்சி பொணமா வூட்டுக்குக் கொண்டாந்தாங்க, அத இவ பாத்துட்டா சார். அன்னிலேருந்து தூக்கம் இல்ல. அலறிக்கினே எழுந்துக்குவா. இத கட்டனப்பறம்தான் தூங்கறா. வாயில வெக்காம பாத்துக்கினுதான் இருக்கேன். கழட்டணும்னுதான் தெனமும் ஒக்காருவேன். கை வரல." குழந்தை கடைப்பக்கமே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஆட்டு முடின்னு சொன்னோம், கழட்டிட்டாங்க. எனக்கு யாரு சார் சொல்றது?"

தேர்ந்து பிடுங்கியவரே அவர்தான். அவரை ஏமாற்ற உலகத்தில் ஆளே கிடையாது.

"நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

"என்னம்மா சொல்லணும்?"

"இது ஆட்டு முடின்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்."

குழந்தையைக் கூப்பிட்டு, சட்டையை லேசாகத் தூக்கி இடுப்புக் கயிற்றைக் காட்டினார். முரடான, நுனி பழுப்பேறிய நீள முடி. நம் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவர்கூடச் சொல்லிவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, மற்றவர்களிடம் காட்டாத சிரத்தையோடு ரொம்ப நேரம் பார்த்தேன்.

"ஆட்டு முடிதாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். என் பையிலிருந்த கத்தரிக்கோலால் நானே கயிற்றை வெட்டி எடுத்தேன். குழந்தை இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது. பையின் அடியில் கழுவி, சாயம் போட்ட ஆட்டு முடி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தேன். ஜெபமாலை பெட்டிக்கடையில் கறுப்புக் கயிறு வாங்கி, அதோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார்.

"இது இன்னாம்மா?" என்றது குழந்தை.

"கரடி முடி கண்ணு. சாரு புதுசு கொண்டாந்திருக்காரு."

குழந்தை என்னைப் பார்த்தது. நான் ஆமாம் என்றேன். சென்னை வண்டி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஜெபமாலையோடு எத்தனையோ முறை போனில் பேசியிருக்கிறேன். கண்ணாடி சரியாக மூடுகிறதா, மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிறதா, கையுறை கிழிந்தால் புதுசு தருகிறார்களா, கூடம் இருந்தவரைக்கும் எல்லாம் கேட்பேன். குழந்தை தூங்குகிறாளா என்று கேட்க மட்டும் எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.